கேட்டது நகத்தைப் பற்றி, கவனிக்க வேண்டியது கண் இமையை

வாசகி கேள்வி: டாக்டர், எனக்கு 27 வயது. கோவையில் ஐ.டி. கம்பெனியில் வேலை. ஒன்றரை வருடமாக ஜெல் நகம் வைத்துக்கொள்கிறேன். முதலில் பார்லரில் போட்டேன். செலவு கட்டுப்படியாகாததால், ஆறு மாதமாக ஆன்லைனில் ஜெல் கிட் ஒன்றும் குட்டி லேம்பும் வாங்கி வீட்டிலேயே போடுகிறேன். போன வாரம் இரண்டு விரலில் பிய்த்து எடுத்துப் பார்த்தால், என் சொந்த நகம் லேசாக அழுத்தினாலே வளைகிறது, ஏடு ஏடாக உரிகிறது. வலது கட்டைவிரல் நகத்தில் ஒரு பச்சைத் திட்டு. விரல் நுனியில் நகத்தைச் சுற்றித் தோல் சிவந்து அரிக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன். தை மாதம் எனக்குக் கல்யாணம். "நகம் மூச்சு விட வேண்டாமா? எடுத்துப் போட்டுவிட்டு மருதாணி வை" என்கிறார் அம்மா. "ஜெல் மேலே இருந்தால்தான் உள்ளே நகம் உடையாமல் வளரும்" என்கிறாள் தோழி. யார் சொல்வது சரி? மிட்டாய் மாதிரி மெல்லும் பயோட்டின் வைட்டமின் சாப்பிடுகிறேன், அது போதுமா? பி.கு.: ஒரு மாதமாகக் கண் இமையும் அரித்து வீங்குகிறது. காஜலை மாற்றிப் பார்த்தேன், குறையவில்லை. அதற்கும் ஒரு க்ரீம் சொன்னால் நன்றாக இருக்கும்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை)

தோல் மருத்துவர் பதில்:

அம்மாவா, தோழியா என்ற பஞ்சாயத்துக்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் பின்குறிப்பாகப் போட்டிருக்கும் கண் இமைதான் எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான விஷயம். விரல் நுனியில் அரிப்பு, கண் இமையில் வீக்கம், நடுவில் வேறு எங்கும் ஒன்றும் இல்லை, கூடவே வீட்டில் போடும் ஜெல். இவையெல்லாம் சேர்ந்து வந்தால் தோல் மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது அக்ரிலேட் ஒவ்வாமையைத்தான், அதாவது ஜெல்லில் இருக்கும் அக்ரிலேட் என்ற ரசாயனக் குடும்பம் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதை. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உறுதியாகும் வரை காத்திருக்காமல் இன்றே நிறுத்த வேண்டியது ஒன்று உண்டு: அந்த கிட். இன்னொரு கோட் கூடப் போடாதீர்கள்.

ஏன் சோப்பைச் சந்தேகப்படவில்லை என்று கேட்பீர்கள். பாத்திர சோப் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெரும்பாலும் புறங்கையிலும், விரல் இடுக்கிலும், மோதிரத்துக்கு அடியிலும்தான் தோல் வறண்டு வெடிக்கும். உங்களுக்கு நகத்தைச் சுற்றி மட்டும் வந்திருக்கிறது. கண் இமைக்கு ஏன் போனது என்றால், உடம்பிலேயே மெல்லிய தோல் அங்கேதான். ஒரு நாளில் எத்தனை முறை கண்ணைக் கசக்குகிறோம், முகத்தில் கை வைத்து உட்கார்ந்து ஸ்க்ரீனைப் பார்க்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். விரலில் ஒட்டியிருக்கும் துளியூண்டு ரசாயனத்தைக் கெட்டியான விரல் தோல் தாங்கிக்கொள்ளும், இமை தாங்காது. சிலருக்கு விரலில் ஒன்றுமே தெரியாமல் இமையில் மட்டும் வரும். அவர்கள் ஒவ்வொரு கண் மையாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள், நகத்தின் மேல் சந்தேகமே வராது.

"பார்லரில் ஒரு வருடம் போட்டேனே, அப்போது ஒன்றும் ஆகவில்லையே" என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்த வகை ஒவ்வாமை முதல் நாளே வராது. உடம்பு அந்தப் பொருளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, ஒரு கட்டத்தில் அதை எதிரி என்று முடிவு கட்டிவிடும். அதற்கு மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். முடிவு கட்டிய பிறகு, பட்ட ஓரிரு நாளில் அரிப்பு எழும்பும். பட்டதுமே வராததால் எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

வீட்டு கிட்டுக்கு வருவோம். பாட்டிலில் இருக்கும்போது ஜெல் என்பது மோனோமர் எனப்படும் சின்னச் சின்ன மூலக்கூறுகள் கலந்த பிசின். லேம்பின் வெளிச்சம் பட்டதும் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியாகின்றன. முழுதாகக் கோத்துக்கொண்டுவிட்டால் அதனால் தோலுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. கோத்துக்கொள்ளாமல் மிச்சம் இருப்பவைதான் வில்லன். அதிலும் ஹேமா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஹைட்ராக்ஸிஎத்தில் மெத்தக்ரிலேட் மிகச் சின்ன மூலக்கூறு, தோலுக்குள் சுலபமாக இறங்கிவிடும். ஒரு ஜெல்லுக்கு எந்த அலைநீளம், எவ்வளவு சக்தி, எத்தனை விநாடி என்பதெல்லாம் அதற்கென்று உள்ள லேம்பை வைத்துக் கணக்கிடப்பட்டது. ஒரு கம்பெனி ஜெல்லை வேறொரு குட்டி லேம்பில் காட்டினால், தொட்டுப் பார்க்க மேலே கெட்டியாக இருக்கும், அடியில் வேகாமல் கிடக்கும். போதாக்குறைக்கு, இடது கையால் வலது கைக்குப் போடும்போது ஜெல் நகத்தைத் தாண்டித் தோலில் வழியும். வழிந்ததை விரலால் துடைப்போம். மேலே கடைசியாக நிற்கும் பிசுபிசுப்பை டிஷ்யூவால் துடைத்தெடுக்கும்போது, அதுவும் கையில்தான் படும். அந்தப் பிசுபிசுப்பு வேறொன்றும் இல்லை, இறுகாத ஜெல்தான்.

ஐரோப்பிய யூனியன் இதனால்தான் 2020-ல் ஒரு விதி கொண்டுவந்தது: ஹேமா உள்ள நகப் பொருட்களைத் தொழில்முறையில் போடுபவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம், ஒவ்வாமை வரலாம் என்று லேபிளில் எழுத வேண்டும். ஜெல்லை இறுக வைக்கச் சேர்க்கும் டி.பி.ஓ. என்ற பொருளை 2025 செப்டம்பரில் அங்கே அழகுப் பொருட்களில் இருந்தே தடை செய்துவிட்டார்கள். அதற்குக் காரணம் வேறு, இனப்பெருக்கத்துக்குத் தீங்கு என்ற சந்தேகம். உங்கள் கிட்டின் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எதுவுமே எழுதவில்லை என்றால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்துவது அரிப்புக்காக மட்டும் இல்லை. அரிப்பு, நிறுத்தினால் சில வாரங்களில் அடங்கிவிடும். ஆனால் அக்ரிலேட் ஒவ்வாமை ஒரு முறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் கூடவே இருக்கும். இந்தக் குடும்பத்துப் பொருட்கள் நகத்தோடு நிற்பதும் இல்லை. செயற்கை நகத்தின் பிறப்பே பல் ஆஸ்பத்திரியில்தான்: 1950களில் அமெரிக்காவில் ஃப்ரெடரிக் ஸ்லாக் என்ற பல் மருத்துவர், உடைந்த தன் நகத்தைப் பல் கட்டும் அக்ரிலிக்கை வைத்துச் சரிசெய்தார். இன்றைக்கும் பல் சொத்தையை அடைக்கும் வெள்ளை ஃபில்லிங்கிலும், அதைப் பல்லோடு ஒட்டும் பசையிலும் ஹேமாவும் அதன் உறவுகளும் இருக்கின்றன. மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் எலும்போடு மூட்டைப் பிடித்து வைக்கும் சிமென்ட் மெத்தக்ரிலேட். சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரின் பசையிலும் அக்ரிலேட் இருக்கலாம். 27 வயதில் நகத்துக்காக வாங்கிய ஒவ்வாமை, 60 வயதில் மூட்டு டாக்டரிடம் போய் நிற்கும்போது குறுக்கே வரலாம். ஒவ்வாமை உறுதியானால் உங்கள் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லி வைக்க வேண்டும்.

உறுதி செய்ய பேட்ச் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. சந்தேகப்படும் பொருட்களைச் சிறு சிறு கிண்ணங்களில் வைத்து முதுகில் பிளாஸ்திரி போல ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், அதற்கு இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வேர்க்க ஓடியாடக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும், முடிவு மாறிப்போகும். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் தோல் பிரிவில் கேட்டுப் பாருங்கள். போகும்போது "அக்ரிலேட் வரிசை இருக்கிறதா" என்று குறிப்பாகக் கேளுங்கள், வழக்கமாக ஒட்டிப் பார்க்கும் பொருட்களின் வரிசையில் இந்தக் குடும்பம் முழுதும் இருக்காது. கிட்டில் உள்ள பாட்டில்களை ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆனால் வீட்டிலேயே கையில் தடவி டெஸ்ட் பண்ணிப் பார்க்கிறேன் என்று மட்டும் இறங்க வேண்டாம். இறுகாத ஜெல்லைத் தோலில் தடவுவதே ஒவ்வாமையை உண்டாக்க நல்ல வழி. டெஸ்ட் முடிந்ததும் கிட் குப்பைக்குப் போகட்டும். "வீணாகப் போகிறதே" என்று தங்கச்சிக்கோ தோழிக்கோ கொடுக்காதீர்கள்.

கண் இமைக்கு க்ரீம் கேட்டிருக்கிறீர்கள். இங்கே எழுத மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இமையில் பூச வேண்டிய மருந்தைப் பார்த்துத்தான் தர வேண்டும். அதுவரை மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒரு ட்யூப்" என்று வாங்கிப் போட்டுவிடாதீர்கள். நம் ஊரில் அப்படிக் கொடுக்கும் ட்யூப்கள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்திருக்கும். இமையில் அதைத் தொடர்ந்து பூசினால் தோல் இன்னும் மெலிந்துபோகும், கண்ணுக்குள் அழுத்தம் கூடவும் வாய்ப்பு உண்டு. டாக்டரைப் பார்க்கும் வரை வெறும் வாசலின் போதும். காஜல், ஐலைனர் எல்லாவற்றுக்கும் கொஞ்ச நாள் லீவு.

சரி, இப்போது மிச்சம் இருக்கும் ஜெல்லை எப்படி எடுப்பது? நகம் ஏடு ஏடாக உரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பெரும் காரணம் நீங்கள் பிய்த்து எடுத்ததுதான். பெண்களுக்கு விரல் நகத்தின் கனமே சுமார் அரை மில்லிமீட்டர். அதில் கெரட்டின் என்ற புரதம் அடுக்கடுக்காக இருக்கிறது. ஜெல் மேல் அடுக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும், பிய்க்கும்போது அந்த அடுக்கையும் சேர்த்துக்கொண்டுதான் வரும். எடுத்த ஜெல்லின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், வெள்ளையாகத் தூள் தூளாக ஒட்டியிருப்பது உங்கள் நகம். போடுவதற்கு முன் "பிடிக்க வேண்டும்" என்று மெஷினால் சுரண்டுவதிலும் இதே கதைதான். செயற்கை நகத்தால் நகம் கெட்டுப்போகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். நான் பார்த்தவரை, கெடுவதில் பாதிக்கு மேல் போடும் முன் சுரண்டுவதாலும் எடுக்கும்போது பிய்ப்பதாலும்தான்.

ஆகவே மெதுவாக. முதலில் நகத்தை முடிந்தவரை குட்டையாக வெட்டிவிடுங்கள். சுற்றியுள்ள தோலில் வாசலினைக் கனமாகப் பூசுங்கள். ஜெல்லின் மினுமினுப்பான மேல்பரப்பை மட்டும் ஃபைலால் லேசாகத் தேய்த்து, பஞ்சில் அசிட்டோன் நனைத்து நகத்தின் மேல் வைத்து, அலுமினியம் ஃபாயிலால் விரலைச் சுற்றிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். ஜெல் சுருங்கி மேலெழும்பி நிற்கும். மரக்குச்சியால் தள்ளினால் தானாக வர வேண்டும். வரவில்லை என்றால் மறுபடி சுற்றி வையுங்கள், நெம்பாதீர்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பும் சாமி விளக்கும் இருக்கும் இடத்தில் இந்த வேலை கூடாது. ஃபேன் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஹார்ட் ஜெல்லும் சில பில்டர் ஜெல்களும் அசிட்டோனுக்குக் கரையாது. அப்படிப் போட்டிருந்தால் அவசரப்பட்டு எடுக்காமல், குட்டையாக வெட்டி, நகம் வளர வளர வெட்டிக்கொண்டே வருவது நல்லது. தோல் வெடித்துப் புண்ணாக இருந்தால் இது எதையும் நீங்களே செய்யாமல், முதலில் டாக்டரைப் பாருங்கள்.

பச்சைத் திட்டைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். பெரும்பாலும் அது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. ஈரம் தேங்கும் இடத்தில் குடியேறும், அது விடும் நிறமிதான் பச்சை. ஜெல்லுக்கும் நகத்துக்கும் நடுவிலோ, நகத்துக்கும் சதைக்கும் நடுவிலோ இடைவெளி விழுந்து, குளிக்கும்போதும் கழுவும்போதும் தண்ணீர் உள்ளே போய் நின்றிருக்கிறது. இடைவெளி ஏன் விழுகிறது? நீள நகத்தின் நுனியில் எதையாவது தட்டினால், பவுடர் டப்பா மூடியை ஸ்பூன் காம்பால் நெம்புகிற மாதிரி, அடியில் சதையை விட்டு நகம் தூக்கிக்கொள்ளும். வெறும் நகமாக இருந்தால் நுனி உடைந்துபோகும், ஆபத்து இல்லை. செயற்கை நகம் சுலபத்தில் உடையாது, விசை முழுதும் நகம் சதையோடு ஒட்டியிருக்கும் இடத்துக்குப் போகும். பச்சையைப் பூஞ்சை என்று நினைத்துப் பூஞ்சை மருந்து போட்டால் போகாது. மேலே இருப்பதை எடுத்து, தூக்கி நிற்கும் பகுதியை வெட்டி, காய்ந்த நிலையிலேயே வைத்திருந்தால் கிருமிக்குப் பிழைக்க வழியில்லை. வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து தினமும் சில நிமிடம் கட்டைவிரலை நனைத்துத் துடைக்கலாம், தோலில் புண் இல்லை என்றால் மட்டும். கிருமி போனாலும் கறை உடனே போகாது, நகம் வளர்ந்துதான் வெளியேறும். அதை மறைக்க மேலே இன்னொரு கோட் போடுவதுதான் பலரும் செய்வது, அதை மட்டும் செய்ய வேண்டாம். விரல் வீங்கி, விண்விண் என்று தெறித்து, ஓரத்தில் சீழ் கோத்தால் அது நகச்சுத்தி. எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிக்கொண்டு நாள் கணக்கில் உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படிப்பவர்களில் நர்ஸ்கள் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை: உலக சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டு கை சுகாதார வழிகாட்டி, நோயாளிகளை நேரடியாகத் தொடுபவர்கள் செயற்கை நகம் வைக்கவே கூடாது, சொந்த நகமும் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது. கை கழுவினாலும் செயற்கை நகத்தின் அடியில் கிருமி தங்கிவிடுகிறது என்பதே காரணம்.

இப்போது பஞ்சாயத்து. அம்மா சொன்ன "மூச்சு" சரியில்லை. நாம் பார்க்கும் நகம் உயிரில்லாத செல்கள்தான். அதற்கு மூச்சும் கிடையாது, வலியும் கிடையாது. உயிருள்ள இடம் நகத்தின் அடிவேர், தோல் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. கட்டைவிரலில் வெள்ளையாகப் பிறை தெரிகிறதே, அது அந்த வேரின் வெளியே தெரியும் பகுதி. அதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் ரத்தத்தில் வருகிறது, காற்றில் இருந்து வருவதில்லை. தோழி சொன்னதிலும் பாதிதான் நிஜம். மேலே ஜெல் இருக்கும்வரை நகம் உடையாமல் நீளும், உண்மை. ஆனால் நகத்தின் பலம் வேரில் தீர்மானமாவது. மேலே பூசும் எதனாலும் அது கூடுவதில்லை, எடுக்கும்போது இருந்ததும் குறைகிறது. ஜெல்லை எடுத்தால் நகத்துக்குக் கிடைப்பது ஓய்வு என்று நான் சொல்ல மாட்டேன். அடியில் என்ன நடக்கிறது என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும், அதுதான் லாபம். பச்சை, மஞ்சள், தூக்கல் எல்லாமே மூடிய நகத்துக்கு அடியில்தான் சத்தமில்லாமல் வளரும்.

உங்கள் நகம் தேறுமா என்றால், தேறும். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். தை மாதத்துக்கு இன்னும் மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டால் 9 மில்லிமீட்டர். அதாவது முகூர்த்த நாளன்று நகத்தின் பெரும்பகுதி புதிதாக, கெட்டியாக வந்திருக்கும். நுனிப்பக்கம் மட்டும் பழைய மெலிந்த நகம் மிச்சம் இருக்கும். முழுதும் மாற ஆறு மாதம் ஆகும். அதனால் இந்த மூன்று மாதமும் நகத்தைக் குட்டையாகவே வைத்திருங்கள். நீளமாக வளர்க்க ஆசைப்பட்டால் அந்தப் பழைய நுனி கிழிந்து புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.

இந்த மூன்று மாதத்தில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை, விட்டுவிட வேண்டியதுதான் அதிகம். குளித்த பிறகு நகம் மிருதுவாக இருக்கும்போது வெட்டுங்கள். ஓரத்தை ஒரே திசையில் ராவுங்கள், ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுக்க வேண்டாம். நகம் தொடங்கும் இடத்தில் அதன் மேல் மெல்லிய தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, பார்லரில் மெனிக்யூர் என்று வெட்டித் தள்ளுகிறார்களே, அதுதான் வேருக்குள் தண்ணீரும் கிருமியும் போகாமல் அடைத்து வைத்திருக்கும் மூடி. அதைத் தொடாதீர்கள். ராத்திரி படுக்கும் முன் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெயை நகத்திலும் அந்த ஓரத்திலும் தேய்த்துக்கொள்ளுங்கள், க்யூட்டிக்கிள் ஆயில் என்று நூற்றுக்கணக்கில் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நகத்துக்குத் தண்ணீரே கெடுதல் இல்லை, நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து என்று ஒரு நாளில் பல முறை நடப்பதுதான் அடுக்குகளைப் பிரிக்கிறது. பாத்திரம் கழுவும்போது ரப்பர் கையுறைக்குள் மெல்லிய காட்டன் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெறும் ரப்பர் உள்ளே வேர்த்து அதே ஈரத்தைத்தான் தரும். டிரிங்க்ஸ் கேனைத் திறக்க, ஸ்டிக்கரைச் சுரண்ட நகத்தைக் கருவியாக்காதீர்கள்.

பயோட்டின் பற்றி. எளிதில் உடையும் நகத்துக்குத் தினம் 2.5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் சில உண்டு. எல்லாமே சின்னவை, பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். உங்கள் நகம் கெட்டது சத்துக் குறைவால் இல்லை என்பதால் அதில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஒன்று: பயோட்டின் ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும். தைராய்டு முடிவு தப்பாக வரலாம், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் குறைவாகக் காட்டலாம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-ல் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. கல்யாணத்துக்கு முன் தைராய்டு டெஸ்ட் எடுப்பதாக இருந்தால் டாக்டரிடமும் லேபிலும் பயோட்டின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். அந்தக் காசுக்கு ஹீமோகுளோபினும், உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துக்கொள்வது உபயோகம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று வந்திருக்கிறது. இரும்புச்சத்து ரொம்பக் குறைந்தால் நகம் மெலிந்து நடுவில் குழி விழும். அப்படி இருந்தால் எந்த எண்ணெயும் உதவாது. நகத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தால் கால்சியம் குறைவு என்று சொல்வார்கள், அது எப்போதோ எங்கோ இடித்துக்கொண்டதன் தடம், அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று என்ன செய்வது? பேட்ச் டெஸ்டில் அக்ரிலேட் ஒவ்வாமை இல்லை என்று வந்தால், ரிசப்ஷனுக்கு மட்டும் ஒட்டுகிற ரெடிமேட் நகம் வைத்துக்கொள்ளலாம். நகத்தைச் சுரண்டாமல், அளவு பார்த்து ஒட்டி, மறுநாளே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரிலும் எண்ணெயிலும் ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். அந்தப் பசை சயனோஅக்ரிலேட், காட்டன் துணியில் கொட்டினால் சட்டென்று சூடேறித் தோலையே பொசுக்கும். மடியில் வைத்து ஒட்டாதீர்கள். அக்ரிலேட் ஒவ்வாமை உண்டு என்று வந்தால் ஒட்டுகிற நகமும் வேண்டாம், அதன் ஸ்டிக்கர் பசையும் வேண்டாம். சாதாரண நெயில் பாலிஷ் வேறு வகை. ஆனால் அதில் உள்ள பிசினுக்கும் சிலருக்கு இதே மாதிரி இமையில் ஒவ்வாமை வரும் என்பதால், டெஸ்ட் முடியும் வரை அதையும் தொடாதீர்கள்.

ஆக மிஞ்சுவது மருதாணி. காரணம் தப்பானாலும் முடிவில் அம்மா ஜெயித்துவிட்டார். அதற்காக நகத்துக்கு மருந்து என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அதில் உள்ள லாசோன் என்ற நிறமி கெரட்டினோடு ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் உள்ளங்கைச் சிவப்பு சில நாளில் மங்கினாலும் நகத்தில் மாதக்கணக்கில் நிற்கிறது. விரல் தோல் முழுதாக ஆறிய பிறகு வையுங்கள். செடியில் பறித்து அம்மியிலோ மிக்ஸியிலோ அரைத்து, விரலுக்குத் தொப்பி வைக்கிற மருதாணியைத்தான் சொல்கிறேன். "பத்தே நிமிடத்தில் கறுப்பாகப் பிடிக்கும்" என்று விற்கும் கோன் வேறு சமாச்சாரம், அதில் தலைக்குச் சாயம் அடிக்கும் பி.பி.டி. கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அது கொப்புளம் போட்டால் முகூர்த்தப் புகைப்படத்தில் கையே காட்ட முடியாது. மெஹந்தி போடும் பெண்ணிடம் கோனில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கேளுங்கள், நீலகிரித் தைலம் அதிகம் போட்டிருந்தாலும் உங்கள் தோல் இப்போதைக்கு எரியும்.

அரிப்பு எதுவும் இல்லாத மற்ற வாசகிகளுக்கு: ஆசைக்கு எப்போதாவது பார்லரில் ஜெல் போட்டுக்கொள்வதில் நான் குறுக்கே நிற்க மாட்டேன். குட்டையாகப் போடுங்கள். சுரண்டும் மெஷினை நகத்தில் அழுத்தினால் "போதும்" என்று கையை இழுத்துக்கொள்ளுங்கள். லேம்பில் வைக்கும் முன் புறங்கையில் சன்ஸ்க்ரீன் பூசுங்கள், அல்லது நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அதன் புற ஊதாக் கதிரால் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைவுதான், கையில் சுருக்கமும் புள்ளியும் சீக்கிரம் வரும் என்பதற்காகச் சொல்கிறேன். அக்ரிலிக் போட்டால், மூக்கைத் துளைக்கும் வாடையும், அசிட்டோனுக்கு அசையாத கடினமும், நம்ப முடியாத மலிவு விலையும் சேர்ந்திருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அது மெத்தில் மெத்தக்ரிலேட்டாக இருக்கலாம், அமெரிக்காவில் 1970களிலேயே நகக் கடைகளில் இருந்து அதை விரட்டத் தொடங்கிவிட்டார்கள். பார்லரில் வேலை செய்யும் தங்கைகளே, சாதாரண மெல்லிய கையுறை இந்த ரசாயனத்தைச் சில நிமிடங்களுக்கு மேல் தடுக்காது. அடிக்கடி மாற்றுங்கள், இறுகாத ஜெல்லைத் தோலில் படவே விடாதீர்கள்.

கோவை வாசகிக்குக் கடைசியாக ஒன்று. மணப்பெண் மேக்கப்புக்கு ஆள் பேசியிருப்பீர்கள். ஒட்டு இமை வைப்பார்களா என்று இப்போதே கேளுங்கள். ஒவ்வொரு முடியாக ஒட்டும் ஐலேஷ் எக்ஸ்டென்ஷனின் பசையும் சயனோஅக்ரிலேட்தான். அதை அடியோடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பட்டையாக ஒட்டும் வகைக்கு வேறு பசை உண்டு, ஆனால் இமை முழுதாக ஆறி, பேட்ச் டெஸ்ட் முடிவும் கையில் வந்த பிறகு ஒரு முறை ட்ரையல் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ட்ரையலை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வைக்க வேண்டாம். ஒவ்வாமை காட்டுவதாக இருந்தால் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும், குறைந்தது இரண்டு வாரமாவது முன்னால் வையுங்கள்.